படிக்கட்டுக் காணொளியும் ஒன்பது கையெழுத்துகளும்: செம்பூர் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மும்பை செம்பூரில் உள்ள ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சொசைட்டியில் 2024 ஆகஸ்ட் முதல் 2025 மே வரை நடந்ததன் பதிவு இது. அந்தக் காலத்தில் நான் அதன் செயலாளர். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிகழ்ந்த வரிசையையும் எடுத்த முடிவுகளையும் தொடவில்லை. 'ஒழுக்கம்' என்ற தலைப்பில் ஒரு புகார் வந்தால் நிர்வாகக் குழு என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பல சொசைட்டிகளின் பொறுப்பாளர்கள் திண்டாடுகிறார்கள். அவர்களுக்காகவே இது.

பின்னணி

கட்டடம் 1970-களில் எழுந்தது. தரைத்தளமும் நான்கு மாடிகளும், 28 வீடுகள். பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். மற்றவை மராத்தி, குஜராத்தி, மலையாளக் குடும்பங்கள். இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு கொண்ட பழைய லிஃப்ட் ஒன்று. இரவில் அந்தக் கதவைச் சாத்தினால் எல்லா மாடிகளுக்கும் கேட்கும்.

மூன்றாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. தாராவியில் வாடகைக்கு இருந்தவர்கள். மூத்த மகன் 2002-ல் வங்கிக் கடன் வாங்கி இந்த வீட்டைத் தன் பெயரில் வாங்கினார். அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. தான் இறந்தால் சொசைட்டியில் தன் இடத்துக்கு யார் வர வேண்டும் என்று குறிக்கும் நியமனப் படிவத்தில் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தார். 2005-ல் திருமணம். 2019 டிசம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார். நியமனப்படி சொசைட்டியின் பங்குச் சான்றிதழில் தாயின் பெயர் ஏறியது. வீட்டில் மிஞ்சியது மூன்று பெண்கள்: கட்டடமே 'ஆச்சி' என்று அழைக்கும் தாயார், மருமகள், பள்ளியில் படிக்கும் பேத்தி. மருமகள் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். தினமும் காலையில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்துப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புவார்.

நான்காம் மாடியில் 2021 ஜனவரியில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் வாடகைக்கு வந்தார். வயது ஐம்பதை நெருங்கியவர், சில ஆண்டுகளுக்கு முன்பே விவாகரத்தானவர். அந்த ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை. ஆச்சிக்கு மூச்சுத் திணறல், மருத்துவமனையில் இடமில்லை. நான்காம் மாடிக்காரர் இரவெல்லாம் அலைந்து, ஆக்ஸிஜன் செறிவூட்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் மூன்று மாடியும் தோளில் சுமந்து ஏற்றினார். அந்த வீட்டோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கத்தின் தொடக்கம் அதுதான். மருமகளுக்கும் அவருக்கும் இடையே அன்பு வளர்ந்ததைக் கட்டடத்தில் பலர் 2023 வாக்கிலேயே அறிந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. இருவருமே துணையில்லாதவர்கள், பெரியவர்கள்.

இறந்தவரின் தம்பி, அதாவது மருமகளின் கொழுந்தன், டோம்பிவிலியில் குடும்பத்தோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை தாயைப் பார்க்க வருவார்.

2024 ஜூனில் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு சூடுபிடித்தது. மகாராஷ்டிர அரசு 2019 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி மறுகட்டுமானத்துக்கு மொத்த உறுப்பினர்களில் 51 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்கும் நிலைமை இருந்தது. பெரிய வீடு, கட்டி முடியும்வரை வாடகை, கைக்கு ஒரு தொகை என்று பில்டர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதுவரை யாருமே புரட்டிப் பார்க்காத பங்குச் சான்றிதழ்களை, அதாவது சொசைட்டியில் உறுப்பினர் என்பதற்கான சான்றுகளை, எல்லோரும் பீரோவிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

காணொளியும் கடிதமும்

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இரவு, சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் 22 விநாடிக் காணொளி ஒன்று வந்தது. சிசிடிவி திரையைக் கைப்பேசியால் படம்பிடித்தது. இரவு 11.10 மணி. மருமகள் நான்காம் மாடியிலிருந்து படியிறங்குகிறார். ஒரு கையில் எவர்சில்வர் டிபன் பாத்திரம், மறு கையில் செருப்பு. கீழே ஒரு வரி: 'இது குடும்பங்கள் வாழும் கட்டடம்.' பதிவிட்டவர் இரண்டாம் மாடி உறுப்பினர்.

அந்தச் செருப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். குற்ற உணர்ச்சி இல்லாதவள் ஏன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்றார்கள். லிஃப்ட் கதவு எழுப்பும் சத்தத்தில் ஆச்சி விழித்துக்கொள்வார், படியில் செருப்புச் சத்தமும் அவர் காதில் விழும், ஒருமுறை விழித்தால் விடியும்வரை தூங்கமாட்டார் என்பதை மருமகள் பின்பு என்னிடம் சொன்னார். சிரிப்பு வைத்த மஞ்சள் முகங்களைப் பதில்களாகப் போட்டவர்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை.

காணொளியை அன்றிரவே குழுவிலிருந்து நீக்கினேன். ஆனால் அதற்குள் அது வெளியே போய்விட்டது. மறுநாள் மாலை டியூஷனில் பேத்தியின் தோழி ஒருத்தி அதை அவளிடமே காட்டினாள்.

நான்காம் நாள் ஒன்பது உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. மூன்று கோரிக்கைகள். நான்காம் மாடி வாடகைக்காரரைக் காலிசெய்யச் சொல்ல வேண்டும். மருமகளின் நடத்தையைப் பொதுக்குழுவில் விவாதிக்க வேண்டும். ஆச்சியின் 'முதுமையையும் பாதுகாப்பற்ற நிலையையும்' கருதி, அவருடைய பங்குச் சான்றிதழில் இளைய மகனை இணை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும்.

முதல் இரண்டும் எதிர்பார்த்தவை. மூன்றாவதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒழுக்கத்தைப் பற்றிய புகாரில் பங்குச் சான்றிதழுக்கு என்ன வேலை?

விசாரித்ததில் தெரிந்தவை

படிக்கட்டுக் கேமராக்கள் 2022-ல் சைக்கிள்கள் களவுபோன பிறகு பொருத்தப்பட்டவை. பதிவுப் பெட்டி வாட்ச்மேன் அறையில் இருந்தது. கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள்.

இரவு வாட்ச்மேனிடம் தலைவரும் நானும் பேசினோம். முதலில் மறுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். வருகைப் பதிவேடு வேறு, இது வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் மூன்று கோடுகள் இழுத்து, தேதி, 'ஊப்பர்', 'நீச்சே' என்று இந்தியில் தலைப்பிட்டு நேரங்களைக் குறித்திருந்தார். மருமகள் மேலே போன நேரம், கீழே வந்த நேரம். ஜூன் மாத நடுவிலிருந்து தொடங்கியிருந்தது. எழுதச் சொன்னவர் கொழுந்தன். அதற்காக மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார். காணொளியை எடுத்துத் தரச் சொன்னவரும் அவரே. இரண்டாம் மாடி உறுப்பினர் அவருடைய பள்ளித் தோழர்.

நோட்டின் முதல் தேதிக்கும் மறுகட்டுமானம் பற்றிய முதல் சுற்றறிக்கைக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை.

கையெழுத்திட்ட ஒன்பது பேரும் இந்தச் சதியில் இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களில் ஐந்து பேருக்கு மூன்றாவது கோரிக்கை கடிதத்தில் இருந்ததே தெரியாது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வயதுக்கு வந்த பெண் உள்ள ஒரு தாய், 'எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது அக்கா?' என்று உண்மையாகவே கலங்கிக் கேட்டார். மூன்றரை ஆண்டுகளாக அவருடைய பிள்ளைகளுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை, கெடுதல் நேர்ந்தது ஞாயிறு இரவு இன்னொரு பிள்ளைக்கு என்பதை நினைவூட்டினேன். அவர் மறுநாள் தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்.

குழு எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவசரக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. தலைவர் நல்ல மனிதர். எதையும் சத்தமில்லாமல் முடிக்க நினைப்பவர். வாடகை ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது, புனேயில் இருக்கும் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் புதுப்பிக்கமாட்டார், யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் போகும் என்றார். பொருளாளரும் அதையே சொன்னார். நான் ஒப்பவில்லை. குற்றமே இல்லாத ஒருவரைக் காதும் காதும் வைத்தாற்போல வெளியேற்றுவது, நோட்டு எழுதச் சொன்னவருக்குக் கூலி கொடுப்பதாகும். இன்று ஒரு விதவை. நாளை தனியாக இருக்கும் பெண். மறுநாள் வேறு மதத்துப் பெண்ணை மணந்தவர். ஒரு முறை வழி திறந்தால் அடைக்க முடியாது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு நான்கு முடிவுகள் எழுத்தில் வந்தன.

வாடகைக்காரரைப் பற்றிய கோரிக்கையை நிராகரித்தோம். வீட்டுவசதிச் சொசைட்டிகளுக்கான மாதிரித் துணை விதிகளின்படி உறுப்பினர் வீட்டை வாடகைக்கு விடச் சொசைட்டியின் முன் அனுமதி தேவையில்லை. தகவல் தெரிவித்தால் போதும். தரவேண்டிய அனுமதியே இல்லாதபோது அதை மறுக்கவும் முடியாது. ஓர் உறுப்பினரை நீக்குவதென்றால்கூட 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்குப் பெரும்பான்மையும், அதன்மேல் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் ஒப்புதலும் வேண்டும். அதுவும் சொசைட்டியின் நலனுக்குக் கேடு செய்தவர்மீது மட்டுமே. படியிறங்குவது கேடு அல்ல.

மருமகளின் வாழ்க்கையைப் பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் சேர்க்க மறுத்தோம். போலீசுக்குப் போகலாம் என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். எந்தக் குற்றத்துக்காக என்று கேட்டோம். இங்கே இருவருக்கும் வாழ்க்கைத் துணை இல்லை. இருந்திருந்தாலும், தகாத உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. போலீசுக்குப் போக வேண்டிய விஷயம் இதில் ஒன்று உண்டு, அது காணொளி. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவளுடைய அந்தரங்கத்தில் தலையிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவின் கீழ் வரக்கூடும். அவதூறு 356-ஆம் பிரிவு. இதைத் தலைவர் மராத்தியில் வாசித்தபோது அறை அமைதியாகிவிட்டது.

மூன்றாவது, காணொளியைப் பதிவிட்டவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ்; வாட்ச்மேனை மாற்றும்படி காவல் நிறுவனத்துக்குக் கடிதம். அந்த நோட்டை உறையிலிட்டு, தலைவரும் நானும் கையெழுத்திட்டு, சொசைட்டிப் பெட்டகத்தில் வைத்தோம். கிழித்துப்போடச் சிலர் சொன்னார்கள். மருமகள் பின்பு வழக்குத் தொடுக்க நினைத்தால் அதுதான் சாட்சி. அதை அழிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

நான்காவது, இணை உறுப்பினர் கோரிக்கை. ஆச்சி நியமனதாரர் என்ற முறையில் தற்காலிக உறுப்பினர்தான். 2019-ல் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சட்டப்படியான வாரிசுகள் உறுப்பினராகும்வரைதான் அந்த நிலை. அதனால் புதிய பெயரைச் சேர்க்க இயலாது என்று பதில் எழுதினோம்.

ஆச்சி பேசியது

இதுவரை யாரும் ஆச்சியிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்றே எல்லோரும் நினைத்தோம். குழு சார்பில் நானும் இன்னொரு பெண் உறுப்பினரும் அவருடைய அழைப்பின்பேரில் வீட்டுக்குப் போனோம். மருமகள் அலுவலகத்தில் இருந்தார். ஆச்சி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நாங்கள் தயங்கித் தயங்கித் தொடங்கியதும் கையமர்த்தினார்.

'எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது தாயி. அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்தாலும் மூன்றாவது படியில் அவள் கொலுசு கேட்கும். என் தூக்கம் கெடக்கூடாது என்று அவள் பார்க்கிறாள். அவள் மனம் சங்கடப்படக்கூடாது என்று நான் தூங்குகிற மாதிரி கிடக்கிறேன்.'

பிறகு இளைய மகனைப் பற்றிச் சொன்னார். ஜூனிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் உயில் எழுதச் சொல்கிறானாம். அண்ணி மறுமணம் செய்துகொண்டால் வீடு அந்த மனிதனுக்குப் போய்விடும் என்கிறானாம். 'என் பெரிய பிள்ளை செத்துப் போனபோது இவள் அழுததை நான் பார்த்தேன். எனக்கு மூச்சு முட்டியபோது அந்தத் தம்பி ஓடியதையும் பார்த்தேன். சின்னவன் அன்றைக்குப் போனை எடுக்கவில்லை. ஆனால் அவனும் நான் பெற்ற பிள்ளைதானே. எனக்கு எது நியாயம் என்று தெரியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.'

இந்த வீட்டுப் பிரச்சினையின் முடிச்சு அங்கே இருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாய், மனைவி, மகள் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. தம்பிக்கு அதில் இடமில்லை. மனைவி பின்னாளில் மறுமணம் செய்துகொண்டாலும் ஏற்கெனவே அவருக்கு வந்த பங்கு போகாது. பங்குச் சான்றிதழில் ஆச்சியின் பெயர் இருப்பதால் முழு வீடும் ஆச்சியுடையது என்று கொழுந்தன் நம்பியிருந்தார். ஆச்சியும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஏன், மருமகளே அப்படித்தான் நினைத்திருந்தார். ஐந்து ஆண்டுகளாகத் தன் சொந்த வீட்டில் மாமியாரின் தயவில் இருப்பதாக எண்ணி வாழ்ந்த பெண் அவர். ஆச்சி உயில் எழுதினாலும் தன் மூன்றில் ஒரு பங்கைத்தான் எழுத முடியும்.

'ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை?' என்ற கேள்வியும் கட்டடத்தில் உலவியது. அதற்கும் சாதாரணமான ஒரு காரணம் இருந்தது. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் விதவைக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். சிறு தொகைதான், பேத்தியின் டியூஷன் கட்டணம் அதிலிருந்துதான் போனது. மகள் கல்லூரியில் சேரும்வரை பொறுப்போம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். பிறர் கண்ணுக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது ஒரு தாயின் வீட்டுக் கணக்கு.

பின்பு நடந்தவை

சொசைட்டி சொத்துத் தகராறில் தலையிடக்கூடாது. ஆகவே குடும்பத்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அனுப்பினோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி அங்கே கிடைக்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

வழக்கறிஞர் முன்னிலையில் கொழுந்தனும் வந்தார். கோபத்தோடு வந்தவர் ஒரு கட்டத்தில் உடைந்துபோனார். 2002-ல் அண்ணன் முன்பணம் கட்டியபோது தன் சேமிப்பிலிருந்து 80,000 ரூபாய் கொடுத்ததாகவும், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்றும் சொன்னார். ஆச்சி ஆமாம் என்றார். அவர் செய்தது மன்னிக்கக்கூடியது என்று நான் நினைக்கவில்லை. ஓர் அண்ணியை வேவு பார்க்க ஆள் வைத்தார். ஆனால் அவருடைய ஆதங்கம் பொய்யில்லை. அந்த ஆதங்கத்தைப் பணமாகவே கேட்டிருந்தால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்திருக்கும்.

2024 நவம்பரில் குடும்ப ஏற்பாட்டு ஆவணம் எழுதினார்கள். மறுகட்டுமானத்தில் வரும் தொகையிலிருந்து கொழுந்தனுக்கு ஒரு தொகை. அதற்கு மேல் அவருக்கு உரிமை இல்லை. ஆச்சி தன் மூன்றில் ஒரு பங்கைப் பேத்திக்குத் தானமாக எழுதினார். மகாராஷ்டிரத்தில் குடியிருப்பு வீட்டைப் பேரன் பேத்திக்குத் தானமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான். மற்றக் கட்டணங்கள் தனி. மருமகளுக்கு ஏன் எழுதவில்லை என்று யாரோ கேட்டபோது, 'அவளுக்கு அவள் பங்கு இருக்கிறது. இது என் பிள்ளையின் பிள்ளைக்கு' என்றார். மருமகளுக்கு அதில் வருத்தமில்லை. பேத்தி மைனர் என்பதால் அவளுடைய பங்கை யாரும் தொடவில்லை. தொடவேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இரண்டாம் மாடி உறுப்பினர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். மருமகள் போலீசுக்குப் போகவில்லை. பிப்ரவரியில் மகளுக்கு 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு. வழக்கு என்று அலைய விரும்பவில்லை. அது அவருடைய முடிவு. போகச் சொல்லியும் போகவேண்டாம் என்றும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுத முடியாது. பேத்தி பல வாரங்கள் தாயிடம் பேசவில்லை. தாய்க்கு ஒருவர்மீது அன்பு இருப்பதில் அவளுக்குக் கோபமில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தது தனக்குக் கடைசியில் தெரிந்ததில்தான் கோபம். தேர்வு முடிந்த பிறகே அது தணிந்தது. நான்காம் மாடிக்காரர் ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் தலைக்கு மேலே கேமரா இருப்பது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்றார். திலக் நகரில் வீடு பிடித்துப் போய்விட்டார். அவர்கள் உறவு தொடர்கிறது. பங்குனி உத்திரத்தன்று சேடா நகர் முருகன் கோயிலில் ஆச்சியின் கையைப் பிடித்து அவர் படியேற்றியதைப் பலர் பார்த்தார்கள். ஒரு குடும்பம் இன்னும் மருமகளிடம் பேசுவதில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

சிசிடிவிக்கு எழுத்து விதிகள் வந்தன. பதிவுப் பெட்டி பூட்டிய அலமாரிக்குப் போனது; கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும். காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். திருட்டு, விபத்து, சேதம் தவிர வேறு காரணம் ஏற்கப்படாது. பதினைந்து நாளில் பதிவுகள் தானாக அழியும். வீட்டு வாசல்களை நேராகப் பார்த்த இரண்டு கேமராக்களைத் திருப்பி வைத்தோம்.

உறுப்பினரின் தனிப்பட்ட வாழ்க்கை பற்றிய புகார் வந்தால், எந்தத் துணை விதி மீறப்பட்டது, யாருக்கு என்ன பாதிப்பு என்ற இரண்டையும் புகார்தாரர் எழுதாதவரை பதிவு செய்வதில்லை என்று தீர்மானித்தோம். சத்தம், மிரட்டல், பின்தொடர்தல், வீட்டு வன்முறை என்றால் அன்றே நடவடிக்கை. அங்கே தயக்கம் கூடாது. பெண்களுக்கான 181, அவசர உதவிக்கான 112 எண்கள் இப்போது லிஃப்ட் அருகே ஒட்டியிருக்கின்றன.

நியமனப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தோம். 28 வீடுகளில் 11 வீட்டுப் படிவங்கள் திருமணத்துக்கு முன் எழுதியவை, அல்லது இறந்துபோனவர்களின் பெயரில் இருப்பவை. ஏழு வீட்டார் புதுப்பித்துவிட்டார்கள். மீதி நான்கு வீடுகளுக்கு நினைவூட்டல் கடிதம் போயிருக்கிறது. மறுகட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் அவற்றை முடிக்க வேண்டும். முடியாத வீடுகளுக்கு, கட்டி முடியும்வரை பில்டர் தரும் வாடகையை யார் பெயரில் கொடுப்பது என்பதைப் புதிய குழு இன்னும் தீர்மானிக்கவில்லை.